செல்வநாயகியின் தொண்ணூற்று நான்கு பாகம்

செல்வநாயகிக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூட ஓட்டியதில்லை. சத்தி ரோட்டில் இரண்டு கார்கள் மோதிக்கொண்ட விபத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பாகம் பொறுப்பு அவளுடையது என்று கைப்பேசிக்குச் செய்தி வந்தபோது, அவள் பேக்கரியின் பின்கட்டில் நின்று முட்டை பப்ஸ் மடித்துக்கொண்டிருந்தாள்.

மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு செய்தியை இரண்டு முறை படித்தாள். பிறகு, பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த ரஞ்சிதத்திடம் நீட்டினாள்.

"தொண்ணூத்தி நாலாக்கா? என்ற பையன் பத்தாவதுல எடுத்ததைவிட அதிகம்" என்றாள் ரஞ்சிதம். செல்வநாயகியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "வேற யாருக்கோ வரவேண்டியதா இருக்கும். போய்க் கேளுங்க."

வேறு யாருக்கோ வந்ததல்ல. செய்தியின் அடியில் படம் இருந்தது. பேருந்து நிறுத்தத்தில் நீலச் சேலையில் ஒருத்தி வலது கையை ஓங்கி வீசிக்கொண்டிருந்தாள். அது அவள்தான்.

சத்தி ரோடு ஏழு தடமாக அகலப்படுத்தப்பட்டதிலிருந்து நடுவில் மஞ்சள் கோடு போட்ட ஒரு தடம் உண்டு. போகிற வண்டியும் வருகிற வண்டியும் வலது பக்கம் திரும்புவதற்காக ஒதுங்கி நிற்கிற இடம் அது. இருபக்கத்துக்கும் பொது. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் அதில் நுழைந்தால் இரண்டுக்கும் உரிமை உண்டு. மோதிக்கொண்டால் தப்பு யாருடையது என்பதில் வக்கீல்களின் இரண்டு தலைமுறை பிழைத்தது. ஒன்பது வருடம், பத்து வருடம் வழக்கு நடக்கும். அதற்கு முடிவு கட்டத்தான் அரசு துலாக்கோலைக் கொண்டுவந்தது. கம்பத்துக்குக் கம்பம் கண் வைத்திருக்கிற இயந்திரம். விபத்து நடந்த மூன்றாவது நிமிடம், பொறுப்பை நூறு பாகமாகப் பிரித்து அவரவருக்கு அனுப்பிவிடும். துலாக்கோல் வந்தபோது ஊரே மெச்சியது. செல்வநாயகியும் மெச்சினாள்.

சற்றுமுன் நடந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அவளுடைய கணவர் கந்தவேல் ரோட்டுக்கு அந்தப் பக்கம், வேலை செய்கிற பம்ப்செட் கம்பெனியின் வாசலில் நின்றிருந்தார். பிறவியிலேயே காது கேளாதவர். லேத் பட்டறையில் இருபத்திரண்டு வருட வேலை. ஏழு தடத்தின் இரைச்சலுக்கு நடுவே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பேசிக்கொள்ளக்கூடிய தம்பதி அந்த வட்டாரத்திலேயே அவர்கள் மட்டும்தான். கையால் பேசினார்கள். மற்றவர்கள் போனை வைத்துக்கொண்டு கத்துவார்கள்.

அன்று பேச்சு சண்டையாகிவிட்டது. அவள் குறட்டை விடுகிறாள் என்று கந்தவேல் பட்டறையில் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். 'உனக்கு எப்படித் தெரியும்? காதுல கேட்டியா?' என்று அவள் கையால் கேட்டாள். 'கட்டில் அதிருது' என்றார் அவர். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. 'போ! போ! போய்த் தொலை!' என்று மூன்று முறை கையை வீசிவிட்டுத் திரும்பி பேக்கரிக்குள் நடந்தாள். முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. தகரம் நசுங்குகிற சத்தம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கோபத்தில் இருந்தாள்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பொறுப்பு நிர்ணய மையத்துக்குப் போனாள். அதுவும் சத்தி ரோட்டில்தான் இருந்தது. உதவி நிர்ணயர் தேவசேனாபதி நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, தூக்கம் போதாத முகமுள்ள மனிதர். வருகிறவர்கள் எல்லாரும் திட்டித்திட்டி அவருக்குப் பழகிப்போயிருந்தது. அவள் திட்டாமல் வணக்கம் வைத்ததில் கொஞ்சம் தடுமாறிவிட்டார்.

"கையை இறக்குங்கம்மா" என்றார் முதலில். "சன்னல் ரோட்டைப் பாத்து இருக்குது. எதுக்கு வம்பு?"

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவர் திரையில் படத்தை ஓடவிட்டார். நடுத்தடத்தில் இரண்டு கார்கள் மூக்கோடு மூக்கு நின்றன. இரண்டும் தானாக ஓடுகிறவை. ஒன்றில் ஒரு பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். மற்றொன்றில் ஆள் இல்லை. பின்சீட்டில் பெல்ட் போட்டு ஒரு வெட் கிரைண்டர் உட்கார்ந்திருந்தது. இரண்டு கார்களும், 'நீங்க முதல்ல போங்க' என்பதுபோல விளக்கைச் சிமிட்டி, நாற்பது விநாடி மரியாதையாகக் காத்திருந்தன. அப்புறம் திரையின் ஓரத்தில் நீலச் சேலைக்காரியின் கை வீசியது. இரண்டும் ஒரே நொடியில் புறப்பட்டன. டாக்டருக்கு முன்பல் ஒன்று போனது. கிரைண்டருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ரோட்டோரம் யாராவது கை காட்டுனா கார் கேக்கோணும்னு சொல்லிக்கொடுத்திருக்காங்க. போலீஸ்காரரு, குழி தோண்டுறவங்க, இவங்களுக்காக. நீங்க போங்கறீங்க. அதுக ரெண்டும் போச்சுதுங்க."

"நான் கார்கிட்ட சொல்லலீங்க சார். என்ற வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன்."

"தெரியுங்க. அவருக்கு ஆறு பாகம் போட்டிருக்குது பாருங்க. உங்களுக்குக் கோபம் வரவெச்சதுக்கு."

"அப்ப தப்பாப் புரிஞ்சுக்கிட்டது காருதானுங்க?"

தேவசேனாபதி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கார் தப்பு பண்ணாதுங்கம்மா. பிழையின்மைச் சான்று வாங்கிட்டுத்தான் ரோட்டுக்கே வருது. சான்று வாங்குனதுமேல பொறுப்புப் போடக்கூடாதுன்னு சட்டம்."

"சரிங்க. கார்மேல இல்ல. அப்ப யார்மேலயும் இல்லைன்னு விட்டுடலாமில்லீங்களா?"

"கூட்டுனா நூறு வரோணும்ங்க. அதுவும் சட்டம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முன்னெல்லாம் ஓட்டுறவங்க இருந்தாங்க, அவங்க தலையில விழுந்துச்சு. இப்ப ஓட்டுறதுக்கு ஆளில்லை. ஆனா விபத்து நடக்குது. அந்த நூறு எங்காவது போகோணுமில்ல? போன மாசம் கணபதி பஸ் ஸ்டாப்புல ஒரு நாய்க்கு நாப்பது போச்சுது. செய்தி யாருக்கு அனுப்பறதுன்னு இன்னும் பைல் ஓடிட்டிருக்குது."

ஐம்பது பாகத்துக்கு மேல் வாங்கியவர்களுக்குச் சாலையோரத் தடை உண்டு. இரண்டு வருடம் சாலைக்கு முப்பது மீட்டருக்குள் வரக்கூடாது. மேல்முறையீடு செய்ய அவளுக்குப் பதினைந்து நாள் இருந்தது. படிவத்தை அவரே நிரப்பிக் கொடுத்தார்.

அந்தப் பதினைந்து நாளுக்குள் ஊர் மாறிவிட்டது. 'சாலையோரங்களில் தேவையற்ற கையசைவுகளைத் தவிர்க்கவும்' என்று நிறுத்தத்துக்கு நிறுத்தம் பலகை வைத்தார்கள். பேருந்துக்குக் கை காட்ட ஆள் இல்லாமல் பேருந்துகள் நிற்காமல் போயின. கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிறவர்களை உள்ளே தள்ளி நிற்கச் சொன்னார்கள். தெரிந்தவரைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு, கைகளைக் கால்சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு போனார்கள். கட்சிப் பதாகைகளில் கையைத் தூக்கியபடி சிரிக்கிற தலைவர்களுக்கெல்லாம் முழங்கை வரை வெள்ளைத் துணி சுற்றினார்கள். தேர்தல் நேரம் வேறு. கட்டுப் போட்ட கைகளுடன் அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வாக்குக் கேட்பதுபோல இருந்தது.

ஊருக்கெல்லாம் அது வேடிக்கை. கந்தவேலுக்கு வேடிக்கையில்லை. கம்பெனி வாசலில் காவலாளி அவர் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டான். டீக்கடையில் 'ஒரு டீ, சர்க்கரை கம்மி' என்று கையால் கேட்டதற்கு இரண்டு பேர் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். அவர் வீட்டுக்கு வந்துதான் அன்றைய பேச்சையெல்லாம் பேசினார். படுக்கப் போகும்வரை அவருடைய கைகள் ஓயவில்லை.

மேல்முறையீட்டுக் குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தலைவர், வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்ட ஓய்வுபெற்ற அம்மையார். ஒரு பக்கம் சாலைத் துறைக்காரர். மறுபக்கம் கார் உற்பத்தியாளர்களின் பிரதிநிதி. நல்ல வாசனை அவரிடமிருந்து வந்தது. ஓரத்து மேசையில் தேவசேனாபதி எழுதிக்கொண்டிருந்தார். கந்தவேல் பின்வரிசையில் உட்கார்ந்து உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நீங்க கையால சொன்னது என்ன வார்த்தை?" என்று கேட்டார் தலைவர்.

"போ-ன்னுங்க."

"யாரைப் பாத்து?"

"என்ற வீட்டுக்காரரைப் பாத்துங்க."

"எதுக்காக அவரைப் போகச் சொன்னீங்க? காரணம் பதிவாகணும்."

செல்வநாயகி தரையைப் பார்த்தாள். "குடும்ப விஷயம்ங்க."

"தூண்டுதலுக்கு ஆறு பாகம் போட்டிருக்கு. தூண்டுதல் என்னன்னு தெரியாம நாங்க எப்படிக் கூட்டறது, குறைக்கறது?"

வேறு வழியில்லாமல் சொன்னாள். கட்டில் அதிர்ந்ததையும் சொன்னாள். சாலைத் துறைக்காரர் இருமினார். தேவசேனாபதி தலையைத் தூக்காமல், 'குறட்டை' என்று எழுதினார்.

மூன்று பேரும் தலைகளைச் சேர்த்துப் பேசினார்கள். பிரதிநிதிதான் வழியைக் கண்டுபிடித்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அம்மா சொல்றது முழுக்க நியாயம். உத்தரவு கணவருக்குத்தான். நாங்க ஏத்துக்கறோம். அப்ப கேள்வி என்னன்னா, அவர் ஏன் போகல?"

"எங்கீங்க?"

"நீங்க போ-ன்னீங்க. மூணு தடவை. அவர் நின்ன இடத்துலயே நின்னாரு, படத்துல தெளிவா இருக்கு. அவர் நகர்ந்திருந்தா உத்தரவு நிறைவேறிடுச்சுன்னு கார்களுக்குப் புரிஞ்சிருக்கும். நகரல. நிறைவேறாத உத்தரவு ஒண்ணு ரோட்டுமேல மிதந்துட்டு இருந்தா, பொறுப்புள்ள எந்தக் காரும் என்ன பண்ணும்? தானே எடுத்து நிறைவேத்தும்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தர்க்கம் சரியாத்தான் இருக்கு. அப்ப அம்மாவுக்குச் சுழியம். கணவருக்கு நூறு. உங்க முறையீடு வெற்றிங்கம்மா."

செல்வநாயகி திரும்பிப் பார்த்தாள். கந்தவேல் 'வெற்றி' என்ற உதட்டசைவை மட்டும் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். கைகளைத் தொடைக்கடியில் வைத்திருந்தார். அவருடைய லேத் ரோட்டிலிருந்து பன்னிரண்டாவது மீட்டரில் இருந்தது. கம்பெனியில் முப்பதாவது மீட்டர் என்று ஒன்று கிடையாது. பதினெட்டோடு மதில் வந்துவிடும்.

"மேடம்" என்றாள் அவள். "நான் சொன்னது பொய்யுங்க."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான் அவர்கிட்டச் சொல்லல. கார்களைத்தான் போகச் சொன்னேன். ரெண்டும் வெகுநேரமா நின்னுட்டு இருந்துச்சுங்க. எனக்குப் பாவமா இருந்துச்சு."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்தாங்க."

தேவசேனாபதியின் பேனா நின்றது. அவர் அவளைப் பார்த்தார், பின்வரிசையைப் பார்த்தார், மறுபடி குனிந்து அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டார். வேறொரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கார்களுக்குத்தான் கட்டளை என்று குழு ஏற்றுக்கொண்டது. செல்வநாயகிக்கு நூறு, கந்தவேலுக்குச் சுழியம் என்று தீர்ப்பாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததை அவருக்குச் சொன்னாள். அவர் எழுந்துபோய்ச் சன்னலோரம் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டார். இரண்டு நாள் அவற்றை அவிழ்க்கவில்லை. முப்பது வருடத்தில் அவர் அவளோடு பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. மூன்றாம் நாள் காலை காப்பியை வைத்துவிட்டுத் திரும்பியவளின் தோளைத் தொட்டு, 'எனக்காக இனிமே பொய் சொல்லாதே' என்றார். 'சொல்லுவேன்' என்றாள் அவள். அதற்கு மேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

பேக்கரியின் முதலாளி டேப் பிடித்து அளந்தார். அடுப்பு முப்பத்தொன்றில் இருந்தது, ஆனால் அடுப்புக்குப் போகிற வழி முன்வாசல்தான். "ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்று ஒரு பெட்டி நிறைய பப்ஸை வீட்டுக்கு அனுப்பினார். அவர்கள் வீடு சந்துக்குள், ரோட்டிலிருந்து நாற்பதாவது மீட்டரில், மூன்றாம் மாடி. சந்து முனையில் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு கிழித்திருந்தார்கள். செல்வநாயகி அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. காய்கறி வாங்க, கோயிலுக்குப் போக, யாராவது செத்தால் எட்டிப் பார்க்க, எல்லாவற்றுக்கும் அந்தக் கோட்டைத் தாண்டியாக வேண்டும். அவளுக்கு இருந்தது மொட்டைமாடி மட்டும்.

ஐந்தாவது வாரம் ஒரு காலை கந்தவேல் சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டுப் போனார். அவள் மாடிக்கு ஓடினாள். அவர் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டிருந்தார், திரும்பிப் பார்த்தார். 'நில்லு' என்று அவள் உள்ளங்கையை உயர்த்தினாள்.

ரோடு நின்றது.

ஏழு தடமும் நின்றன. கார்கள், பேருந்துகள், லாரிகள் எல்லாம் கோடு கிழித்ததுபோல நின்றன. இத்தனை வருடமாகக் கேட்டுக்கேட்டு உணராமல் போயிருந்த இரைச்சல் அறுந்து, எங்கோ ஒரு குக்கரின் விசில் கேட்டது. அவள் பயந்துபோய்க் கையை இறக்கினாள். எல்லாம் நகர்ந்தன. கொஞ்சம் பொறுத்துச் சந்தேகத்தோடு மறுபடி உயர்த்தினாள். மறுபடி நின்றன. அந்தக் கரையில் கந்தவேல் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

கைப்பேசி அடித்தது. தேவசேனாபதி.

"அம்மா, கையைத் தூக்குனீங்களா?"

"சாப்பாட்டுப் பைக்காகங்க சார். இனித் தூக்கல. எத்தனை பாகம் போட்டிருக்குதுங்க?"

"ஒண்ணும் போடல. போடவும் முடியாதுங்க. உங்களுக்குப் பிழையின்மைச் சான்று வந்திருச்சு." அவர் குரல் களைத்திருந்தது. "கார்களுக்குத்தான் சொன்னேன்னு குழு முன்னால சொன்னீங்கள்ல? அவங்க ஏத்துக்கிட்டாங்க. துலாக்கோலும் உங்க கையைக் கட்டளை குடுக்கற கைன்னு பதிஞ்சுக்கிச்சு. இனி எந்தக் காரும் உங்க கையைக் கேக்கும். கார் பிழையில்லாதது. பிழையுள்ளவங்க பேச்சைக் கார் கேக்காது. அப்ப நீங்களும் பிழையில்லாதவங்க. தடை ரத்து. முந்தாநாளே உத்தரவு வந்திருச்சு, தபால்ல வரும்."

செல்வநாயகி மொட்டைமாடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

"சார், அந்த நூறு இப்ப எங்கீங்க?"

அந்தப் பக்கம் ஒரு கோயில் மணி அடித்தது.

"டாக்டருக்கா? பல்லு போனதுமில்லாம அவருக்கா?"

"இல்லீங்க. என்கிட்டத்தான் இருக்குது. விசாரணையை எழுதுனது நானு. நீங்க பொய் சொல்றீங்கன்னு எனக்குத் தெரிஞ்சும் கேள்வி கேக்காம எழுதுனேன்னு துலாக்கோல் என்ற முகத்துல கண்டுபிடிச்சிருக்குது. படம் அனுப்பியிருக்குது. பாத்தேன். அப்படித்தான் இருக்குதுங்க முகம்."

"ஐயோ. வேலைங்க?"

"வேலை இருக்குது. மேசை முப்பத்தி நாலாவது மீட்டர்லதான் இருக்குது. வாசல்தான் ரோட்டுமேல. ரெண்டு நாளா எதிர்ப்பக்கம் முப்பது மீட்டர் தள்ளி அரசமரத்துப் பிள்ளையார்கிட்ட நின்னு ஆபீஸைப் பாத்துட்டு வீட்டுக்குப் போயிட்டிருக்கறேன். இப்பவும் அங்கதான் நிக்கறேன்."

அவருக்காகத் தான் பொய் சொல்லவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆனால் அவர் அவளுக்காகப் பேசாமல் இருந்தார்.

"சார், அந்தத் தடையில என்ன எழுதியிருக்குது? அப்படியே படிங்க."

காகிதம் சலசலத்தது. "'வாகனங்கள் இயங்கும் சாலையின் விளிம்பிலிருந்து முப்பது மீட்டர் தொலைவுக்குள்...'"

"இயங்கும்னு போட்டிருக்குதுங்களா?"

"போட்டிருக்குதுங்க."

"எத்தனை மணிக்கு ஆபீஸ்?"

"பத்துக்குங்க. எதுக்குங்க?"

"நாளைக்குப் பத்துக்கு அஞ்சு நிமிஷம் முன்னால பிள்ளையார்கிட்ட நில்லுங்க."

மறுநாள் செல்வநாயகி நீலச் சேலையையே கட்டிக்கொண்டு, மஞ்சள் கோட்டைத் தாண்டி இறங்கிப்போய் நிர்ணய மையத்து வாசலருகே ரோட்டோரம் நின்றாள். பட்டறைக்கு ஒருமணி நேரம் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு கந்தவேலும் பக்கத்தில் நின்றார். அவள் கையை உயர்த்தினாள். ஏழு தடமும் நின்றன. அரசமரத்தடியிலிருந்து தேவசேனாபதி தயங்கித் தயங்கி விளிம்புவரை வந்தார். ஒரு காலை ரோட்டில் வைத்தார். கைப்பேசியைப் பார்த்தார். எந்தச் செய்தியும் வரவில்லை. மற்ற காலையும் வைத்தார்.

நின்ற கார்களுக்குள்ளிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. ஒருவர் கண்ணாடியைத் தட்டி, "யாருங்க இதுக்குப் பொறுப்பு?" என்று கத்தினார். பொறுப்பைச் சுமத்தத் துலாக்கோலுக்கு யாரும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

தேவசேனாபதி நடுத்தடத்துக்கு வந்ததும் நின்றார். தினம் கோப்பில் பார்த்த இடத்தைக் காலடியில் பார்ப்பவர்போல மஞ்சள் கோட்டைக் குனிந்து பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் மறுபடி நடக்கத் தொடங்கினார். செல்வநாயகிக்குத் தோள்பட்டை கடுத்தது. கந்தவேல் அவள் முழங்கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார்.